கண்டோர் இல்லாத பாலை

முதலில் இரண்டு முகங்கள். கணப்பு நெருப்பின் வெளிச்சம் அவற்றின்மேல் அசைகிறது. ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும். யாரும் தங்களைப் பார்க்கவில்லை என்ற நிம்மதியில் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். சட்டென்று இசை வெடிக்கிறது. இருவரும் திடுக்கிட்டு நம் பக்கம் திரும்புகிறார்கள். அடுத்த கணம் நாம் ஆகாயத்தில் இருக்கிறோம். கீழே வறண்ட நிலத்தில் புழுதியைக் கிளப்பியபடி ஒரு கார் ஓடுகிறது.

நிக்கோலஸ் ரே இயக்கிய முதல் படமான 'தே லிவ் பை நைட்' இப்படித் தொடங்குகிறது. 1947இல் எடுக்கப்பட்ட படம். ஓடும் காரை ஹெலிகாப்டரிலிருந்து படமெடுப்பது அன்றைய ஹாலிவுட்டில் புதுமை. ஆனால் அந்தக் காட்சியில் என்னைப் பிடித்து நிறுத்துவது அதன் தொழில்நுட்பம் அல்ல. அந்த இருவரும் எதைக் கண்டு பயந்தார்கள் என்ற கேள்விக்கு அதுவே விடையாக இருக்கிறது. மேலே ஒரு கண் இருக்கிறது. அது அவர்களை விடப்போவதில்லை.

படம் முடிந்த பிறகும் உடனே வெளிவரவில்லை. ஆர்கேஓ நிறுவனம் ஹோவர்ட் ஹியூஸின் கைக்குப் போனது. படச்சுருள் கிடப்பில் போடப்பட்டது. 1948இல் லண்டனில் முதலில் திரையிட்டார்கள். அமெரிக்க ரசிகர்கள் 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் இதைத் தவிர்த்துவிட்டுப் பேசுவதில்லை. தப்பியோடும் காதலர்களைப் பற்றி அதன்பின் வந்த அத்தனை படங்களும் ஏதோ ஒரு விதத்தில் இதற்குக் கடன்பட்டவை என்றே நினைக்கிறேன்.

கதை சிறியது. போவி பதினாறு வயதில் கொலைக்குற்றத்தில் சிறைக்குப் போனவன். ஏழு ஆண்டுகள் கழித்து, வயதில் மூத்த இரண்டு கொள்ளையர்களோடு தப்பி வருகிறான். ஒளிந்திருக்கும் இடத்தில் கீச்சியைச் சந்திக்கிறான். குடிகாரத் தகப்பனுக்குச் சமைத்துப் போட்டு, பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய்க் கறையோடு திரியும் பெண். ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் சேர்ந்தால் தன் வழக்கைத் திறந்து பெயரை மீட்டுவிடலாம் என்பது அவன் கனவு. பணம் சேர்க்க அவனுக்குத் தெரிந்த வழி வங்கிக் கொள்ளை ஒன்றுதான். அதன்பிறகு எல்லாம் ஓட்டம். ஃபார்லி கிரேஞ்சரும் கேத்தி ஓ'டானலும் நடித்திருக்கிறார்கள். இருவரிடமும் நட்சத்திரப் பகட்டு இல்லை. அன்பு காட்டுவது எப்படி என்றே யாரும் கற்றுக்கொடுக்காத இரண்டு பேர், ஒருவரையொருவர் பார்த்துக் கற்றுக்கொள்வதுபோல் அவர்கள் நடிக்கிறார்கள். கீச்சி முதன்முறை சிரிப்பதற்குப் படத்தில் வெகுநேரம் ஆகிறது. அந்தச் சிரிப்புக்காகவே படத்தை மறுபடி பார்க்கலாம்.

வங்கிக் கொள்ளையை ரே நமக்குக் காட்டுவதில்லை. கேமரா வெளியே காரில் போவியோடு உட்கார்ந்துவிடுகிறது. உள்ளே நடப்பது நமக்குத் தெரியாது. இரண்டாவது கொள்ளை பற்றிய செய்தி நமக்குப் பேச்சாக, வானொலிக் குரலாக வந்து சேர்கிறது. குற்றத்தின் கிளுகிளுப்பு பார்வையாளனுக்கு மறுக்கப்படுகிறது. ஜோசஃப் எச். லூயிஸ் 1950இல் எடுத்த 'கன் கிரேஸி'யிலும் கேமரா காரைவிட்டு இறங்காது. பின்னிருக்கையிலிருந்தே ஒரு கொள்ளை முழுவதையும் வெட்டே இல்லாமல் பார்க்கிறோம். ஆனால் லூயிஸின் ஜோடிக்குத் துப்பாக்கி ஒரு போதை. போவியும் கீச்சியும் கேட்பது ஒரு வீடு, சன்னலுக்கு ஒரு திரை, பகலில் கைகோத்து நடக்கத் தெரு. 'கன் கிரேஸி'யின் வேகத்தைப் பாராட்டுகிறேன். மனம் ஒட்டுவது ரேயின் படத்தில்தான்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் படம் அந்நியமாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. நமக்கு இது உடன்போக்கு. பெற்றோருக்குத் தெரியாமல் தலைவனும் தலைவியும் ஊரைவிட்டுப் புறப்படுகிறார்கள். கடக்க வேண்டியது பாலை. அங்கே நீர் இல்லை, நிழல் இல்லை, வழிப்பறி செய்யும் ஆறலைகள்வர் உண்டு. நம் கவிதையில் காதலர் வேறு, கள்வர் வேறு. ரேயின் பாலையில் காதலனே கள்வன். அவன் அஞ்ச வேண்டியது வழியில் எதிர்ப்படும் நல்ல மனிதர்களைத்தான்.

அந்த நல்ல மனிதர்களுக்கும் நம் மரபில் ஓர் இடம் இருக்கிறது. தொல்காப்பிய அகத்திணையியல், உடன்போக்கில் வழியிடைக் காண்போருக்குப் பேச்சுரிமை கொடுத்திருக்கிறது. கண்டோர் கூற்று என்கிறோம். குறுந்தொகையின் ஏழாம் பாடலில் பெரும்பதுமனாரின் கண்டோர், காட்டுவழியில் வரும் இருவரின் கால்களைப் பார்க்கிறார்கள். வில்லேந்தியவன் காலில் கழல். பெண்ணின் காலில் சிலம்பு. அது கிடப்பதால் இன்னும் மணமாகவில்லை என்று புரிந்துகொள்கிறார்கள். காற்றில் வாகை நெற்றுகள் ஒலிக்கும் மூங்கில் காடு அது. இந்தப் பிள்ளைகள் யாரோ, பாவம் என்று இரங்குகிறார்கள். துரத்திப் போவதில்லை, ஊருக்கு ஆள் அனுப்புவதில்லை. பார்த்தல் அங்கே ஒரு வாழ்த்து.

'தே லிவ் பை நைட்' படத்தில் கண்டோர் ஒவ்வொருவரும் ஆபத்தானவர்கள். நகைக்கடைக்காரர் ஒருவர் போவியை அடையாளம் கண்டுகொள்கிறார். குழாய் பழுதுபார்க்க வந்தவர் அடையாளம் கண்டுகொள்கிறார். ஒரே ஒரு நாள் இருவரும் பகலில் வெளியே போகிறார்கள். பூங்காவில் மற்றவர்கள் குதிரை ஏறுவதையும் கோல்ஃப் ஆடுவதையும் வேறு நாட்டுக்காரர்களைப்போல் நின்று பார்க்கிறார்கள். அன்று இரவே ஒரு விடுதியில் அவனைத் தெரிந்துகொண்ட ஒருவன் ஊரைவிட்டுப் போகச் சொல்கிறான். பார்க்கப்படுவதே தண்டனையாகிவிட்ட வாழ்க்கை. படத்தின் பெயரில் இருக்கும் இரவு அதுதான்.

இவர்களில் என்னால் மறக்க முடியாதவர் ஹாக்கின்ஸ் என்ற கல்யாணக்காரர். பேருந்து நிற்கும் இடத்தில் காசு வாங்கிக்கொண்டு திருமணம் செய்துவைக்கும் கடை நடத்துகிறார். போவியும் கீச்சியும் யோசித்துத் திட்டமிட்டு அங்கே போகவில்லை; பேருந்திலிருந்து திடீரென இறங்கிப் போகிறார்கள். கல்யாணம், கார் எல்லாம் அவரிடமே கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் விலை உண்டு. பிற்பாடு போவி அவரிடம் திரும்பி வந்து, எவ்வளவு பணம் வேண்டுமானாலும் தருகிறேன், மெக்சிகோவுக்கு அனுப்பிவையுங்கள் என்று கெஞ்சுகிறான். அவர் மறுத்துவிடுகிறார். இல்லாத நம்பிக்கையை விற்க அவருக்கு மனம் வரவில்லை. காசுக்காக எதையும் செய்யும் மனிதர் என்று நாம் எடைபோட்டு வைத்திருந்தவர் அந்த ஒரு மறுப்பில் கண்டோர் ஆகிறார். இரங்குவதைத் தவிர வேறெதுவும் அவர் கையில் இல்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்.

ஈப்போவில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்க்கிறவனுக்கு இன்னொன்றும் கண்ணில் படும்: அந்தக் காரின் சக்கரங்கள். படத்துக்கு மூலமான எட்வர்ட் ஆண்டர்சனின் நாவல் 1937இல் வெளிவந்தது. பெருமந்தக் காலத்து டெக்சஸ், ஒக்லஹோமா நிலங்களின் கதை. வங்கிகள் குத்தகை விவசாயிகளை வெளியே தள்ளிய காலம். போனி பார்க்கரும் கிளைட் பாரோவும் லூசியானாவில் ஃபோர்டு வி8 காருக்குள் சுட்டுக் கொல்லப்பட்டது 1934 மே 23. அந்த ஆண்டுகளில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து போனது. அதை அதிகம் வாங்கிய நாடு அமெரிக்கா. பேராக் தோட்டங்களில் விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் காண்டாக் கம்பில் சுமந்த கைகளின் உழைப்பு அந்தச் சாலைகளில் உருண்டிருக்கிறது. அதே மந்தம் இங்கேயும் அடித்தது. 1932இல் ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போயிற்று. 1930க்கும் 1932க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அமெரிக்க விவசாயிக்கு நிலம் போயிற்று. நம்மவருக்கு வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போயின.

படம் லண்டனில் திரைக்கு வந்த 1948இல்தான் பேராக்கில் அவசரகாலம் பிறந்தது. ஜூன் 16ஆம் தேதி காலை சுங்கை சிப்புட் அருகே எல்ஃபில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கரும், சற்று நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் ஜான் ஆலிசனும் இயன் கிறிஸ்டியனும் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றே பேராக்கின் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சில நாட்களில் நாடு முழுவதும். பன்னிரண்டு ஆண்டுகள், 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. அந்தக் கொலைகளை நான் நியாயப்படுத்தவில்லை. அவற்றுக்குப் பிறகு தோட்டத்தில் 'பார்த்தல்' என்ற செயலுக்கு என்ன நேர்ந்தது என்பதே என் அக்கறை.

லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. வேலைக்குப் போகும் பெண்களைக்கூட வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள், மடியில் அரிசி போகிறதா என்று. காட்டுக்குள் இருப்பவனுக்குச் சோறு கொடுப்பது குற்றம். தகவல் சொன்னால் வெகுமதி. சித்தியவானில் சைக்கிள் கடைக்காரரின் மகனாகப் பிறந்த கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கின் தலைக்கு இரண்டரை லட்சம் வெள்ளி விலை வைக்கப்பட்டது. அவருக்கும் மனைவி இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள். விலைப் பட்டியலில் அதற்கெல்லாம் இடமில்லை. காட்டில் பிறந்த குழந்தைகளை வெளியே யார்யாரிடமோ ஒப்படைத்த தம்பதிகள் பலர்.

பேராக்கின் தென்கோடியில் தஞ்சோங் மாலிம். 1952 மார்ச்சில் அங்கே குடிநீர்க் குழாய் பழுதுபார்க்கப் போன குழு தாக்கப்பட்டது. இறந்தவர்களில் ஒருவர் உதவி மாவட்ட அதிகாரி மைக்கல் காட்னர். போரின்போது ஜெர்மானியச் சிறை முகாமிலிருந்து மரக்குதிரையில் ஒளிந்து சுரங்கம் தோண்டித் தப்பியவர். அந்தத் தப்பித்தல் 1950இல் 'தி உடன் ஹார்ஸ்' என்ற படமாகவும் வந்துவிட்டது. பிரிட்டிஷ் உயர் ஆணையரான ஜெனரல் டெம்ப்ளர் நேரில் வந்தார். நாளொன்றுக்கு இருபத்திரண்டு மணி நேர ஊரடங்கு, அரிசி அளவு குறைப்பு. பிறகு வீடுவீடாகத் தாள்கள் கொடுக்கப்பட்டன. யாரைப் பார்த்தாய், யார் உதவுகிறார்கள் என்று எழுது. பெயர் போட வேண்டாம். பூட்டிய பெட்டியில் போடு. ஓர் ஊர் முழுவதையும் உட்காரவைத்துக் கண்டதை எழுதச் சொன்ன நாள் அது. பெரும்பதுமனாரின் கண்டோர் அன்றைக்குத் தஞ்சோங் மாலிமில் இருந்திருந்தால் அவர்கள் கையிலும் ஒரு தாள் இருந்திருக்கும். ரேயின் திரையில் நகைக்கடைக்காரரும் குழாய்க்காரரும் விருப்பப்பட்டுச் செய்வதை இங்கே சட்டம் எல்லோர் மேலும் கடமையாக ஏற்றியது.

அதற்கு முன்னும் பின்னும் தோட்டத்தில் உடன்போக்குகள் இருந்தன. சாதி குறுக்கே வந்தது. சில இடங்களில் கங்காணியின் கண் குறுக்கே வந்தது. இரவில் செம்மண் சடக்கில் நடந்து, கம்பத்துக் கடையில் ஒரு மூட்டையை வாங்கிக்கொண்டு, விடியற்காலை லோரியில் ஏறிப் போனவர்களைப் பற்றித் தோட்டத்துப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அந்தக் கதைகளில் யாராவது ஒருவர் உதவியிருப்பார். லோரிக்காரர் கூலி வாங்காமல் ஏற்றிக்கொண்டிருப்பார், கோயிலில் ஒருவர் மஞ்சள் கயிறு எடுத்துக் கொடுத்திருப்பார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகைப் பாட்டி தெரிந்தும் தெரியாததுபோல் இருந்திருப்பார். வெயில் நாட்களில் ரப்பர் காய்கள் வெடிக்கும் சத்தத்தினூடே நடந்துபோன அந்த ஜோடிகளுக்கு வாகை நெற்றுக் காட்டின் பாட்டு நேர் உறவு. இதை எந்தச் சந்தேகமும் இல்லாமல் சொல்கிறேன்.

பிறகு தோட்டமே போயிற்று. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கும் துண்டாடல். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தொழிலாளர் காசிலேயே தோட்டங்களை வாங்கியது அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான். அவர் காப்பாற்றியது போக மிச்சம், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறியது. லயத்திலிருந்து புறப்பட்டவர்கள் நகரத்து ஓரங்களில் பலகை வீடுகளில் ஒதுங்கினார்கள். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் வெளியான 'ஜகாட்' படம் இந்த இடத்தில் தொடங்குகிறது. தொண்ணூறுகளின் தொடக்கம். பன்னிரண்டு வயது அப்போய், அவனைப் படிக்கவைத்தே தீருவேன் என்று அடிக்கும் அப்பா மணியம், போதையிலிருந்து மீண்ட சித்தப்பன் பாலா, குண்டர் கும்பலில் இருக்கும் இன்னொரு சித்தப்பன் மெக்சிகோ. போவி போய்ச் சேரத் துடித்த நாட்டின் பெயர் இங்கே ஒரு மனிதனுக்கு. அவனுக்கும் தப்பிக்க நாடில்லை. 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருது 'ஜகாட்'டுக்குக் கிடைத்தது. மலாய் அல்லாத மொழிப் படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கியதற்கு எதிராக எழுந்த பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு வந்த விருது அது. நம் நாட்டில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்களில் இதற்கு நிகராக வேறொன்றை நான் சொல்ல மாட்டேன். நிழலும் ஒளியும் அதில் வெறும் அழகுக்கு இல்லை. தகப்பன் அடிப்பதையும் சித்தப்பன் அணைப்பதையும் ஒரே பையன் ஒரே வெளிச்சத்தில் பார்க்கிறான். எதை நோக்கிப் போவான் என்று நமக்கு நெஞ்சு பதறுகிறது.

ஆனால் 'ஜகாட்' ஆண்களின் உலகம். அது படத்தின் குறை என்று சொல்ல வரவில்லை. ஒரு சிறுவனின் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். குறை நம் எல்லோருடையது. நம்மில் கும்பலைப் பற்றி எழுதுகிறவர்கள் வெட்டையும் குத்தையும் எழுதுகிறோம், சவ ஊர்வலத்தை எழுதுகிறோம். போலீஸ் தேடும் ஒருவனோடு வாடகை அறையில் இருந்த பெண் எந்தச் சன்னலை மூடிவைத்தாள், கர்ப்பமானதை அவனிடம் எப்போது சொன்னாள், அடுத்த வீட்டுக்காரியிடம் தன்னை யாரென்று சொல்லிக்கொண்டாள் என்று எழுதவில்லை. ஆண்டர்சனின் நாவலும் ரேயின் படமும் கவனித்தது இதைத்தான். படத்தின் கொள்ளைகளைவிட, போவி கீச்சிக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுக்கும் காட்சிக்கு ரே அதிக நேரம் தருகிறார்.

போவியைக் காட்டிக்கொடுக்கும் மேட்டி என்ற பெண்ணைக்கூட அவர் கைவிடவில்லை. மேட்டியின் கணவன் சிறையில் இருக்கிறான். அவனை வெளியே எடுக்க அவளிடம் இருக்கும் ஒரே பண்டம் போவி ஒளிந்திருக்கும் இடம். அவளும் கீச்சி கேட்டதையே கேட்கிறாள்: தன் ஆள் வீட்டுக்கு வர வேண்டும். தஞ்சோங் மாலிமில் தாளில் எழுதிப் போட்டவர்களிலும் எத்தனை மேட்டிகள் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர்களைக் கோபமில்லாமல் நினைக்க இந்தப் படம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

முடிவில் போவி தனியே போய்விடத் தீர்மானிக்கிறான். வயிற்றில் பிள்ளையோடு நோயுற்றுக் கிடப்பவளுக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். கடைசியாக ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று திரும்புகிறான். விளக்குகள் பாய்கின்றன, சுடுகிறார்கள். அவள் ஓடிவந்து, அவன் பக்கத்தில் விழுந்த கடிதத்தை எடுத்து வாசிக்கிறாள். போலீசுக்காரர்கள் சுற்றி நிற்கிறார்கள். அவர்களுக்கு முதுகு காட்டி அவள் நம் பக்கம் திரும்புகிறாள். தொடக்கத்தில் நம்மைக் கண்டு பயந்த முகம் இப்போது பயப்படவில்லை. எண்பதாண்டுகளாகப் போகிறது, அந்த முகத்தைப் பார்த்தவர்களில் எவரும் அவளைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். கண்டோரின் பழைய இடத்தில் ரே பார்வையாளனை உட்காரவைத்துவிட்டார்.

நம் பக்கத்துக் கீச்சிகள் கதைக்குள் வரவில்லை. அவசரகாலத்தில் வேலிக்குள் இருந்த பெண்களில் எஞ்சியிருப்பவர்கள் தொண்ணூறைத் தொட்டுவிட்டார்கள். தொண்ணூறுகளில் தேடப்பட்டவர்களோடு வாழ்ந்த பெண்கள் இப்போது ஐம்பதுகளில் இருக்கிறார்கள். ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் மலிவு வீடுகளில் பிள்ளைகளோடு, பேரப்பிள்ளைகளோடு. எழுதுகிற, படமெடுக்கிற இளைய நண்பர்களை வேண்டிக் கேட்கிறேன். முதலில் பாட்டிமார்களிடம் போங்கள். பிறகு இந்த அக்காமார்களிடம் போங்கள். பெயரை மாற்றி எழுதுங்கள், ஊரை மாற்றி எழுதுங்கள், எப்படியாவது அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிவிடுங்கள்.